அண்ணனுக்கு, டிசம்பர் 26 அன்று

அண்ணே, இன்றைக்குச் சுனாமி நினைவுநாளுக்காகத் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவி முடித்திருப்பீர்கள். நான் வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். அரையாண்டு லீவு முடிகிறவரை உன் மகள் பாப்பா இங்கே புதுச்சேரியில் என்னோடுதான் இருப்பாள். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், ஆகையால் அவள் சரி என்று சொன்னதை மட்டும்தான் இதில் எழுதியிருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல் அவளை நிறுத்திக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பாயா?

2004இல் சுனாமிக்குப் பிறகு நாம் தங்கியிருந்த அந்த மண்டபத்தில் நீ செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாயே, அதுதான் நாலு நாளாக மனதில் ஓடுகிறது. சத்தம் கேட்டால் உடனே ஓட வேண்டும் உனக்கு. பன்னிரண்டாவது படிக்கிற பையன் இப்படிப் பயப்படலாமா என்று எல்லோர் முன்னாலும் ஒரு பெரியவர் கேட்டபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி தன் செருப்பையும் கொண்டுவந்து உன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள், "ஓடணும்னா ரெண்டு பேருமே ஓடலாம்டா" என்று சொல்லிவிட்டு அங்கேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நீ தூங்கிவிட்டாய். நான் முழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மா வளர்த்த பிள்ளைதானே நீ? பாப்பா தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னபோது, "நாங்க சுனாமியையே பார்த்தவங்க, உனக்கு என்ன குறை" என்றாயாம். எனக்கு வயிறு எரிந்தது அண்ணே. உன்னிடம் யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அம்மா செருப்போடு வந்து படுத்தாள். இதில் ராத்திரி 11 மணிவரை படிப்பு, விடிகாலை 4 மணிக்கு எழுப்புதல் வேறு. பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டும், அது இல்லாமல் மனசு எப்படி நிற்கும்?

நீ ராப்பகலாக உழைப்பது அவளுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்லத் தயங்குகிறாள்.

14416க்குப் போன் செய்தது நான்தான். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, அரசாங்கத்துடையது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் நாமே அந்த நினைப்பை ஊட்டிவிடுவோமோ என்று அண்ணி பயந்தார். அப்படி ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஏற்கெனவே இருந்தால் சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கும். நான் கேட்டேன். அவள் பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம், அண்ணியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் வீடு திரும்புவதற்குள் அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பூட்டி வை.

திங்கட்கிழமை ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறேன். அவள் மைனர், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவளுக்காக முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றவர்கள், அத்தை இல்லை. அண்ணியைக் கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் அப்பா வருவாரா என்றுதான் பாப்பா கேட்கிறாள். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம், ஓ.பி. சீட்டுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும், 7 மணிக்கே வந்துவிடு. மார்க்கைப் பற்றி மட்டும் அன்றைக்கு ஒன்றும் கேட்காதே.