நட்சத்திரம் வேண்டாம், எச்சரிக்கை போடுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் முழுக்கப் படமும் பளபளப்பும்தான். உப்பும் கொழுப்பும் எவ்வளவு என்ற கணக்கு பின்பக்கத்தில், ஒட்டு மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கும். அதுவும் ஆங்கிலத்தில். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பது உங்கள் விதி. தமிழில் போடலாம், போடாவிட்டாலும் கேட்பாரில்லை.

இதைச் சரிசெய்ய 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டீர்கள். உணவு உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று காட்ட, பாக்கெட்டின் முன்பக்கத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடலாம் என்றீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஃபிரிட்ஜும் ஏசியும் நட்சத்திரம் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கு நட்சத்திரம் என்றாலே பாராட்டுதான். ஒன்றே ஒன்று இருந்தாலும் "பரவாயில்லை, ஏதோ இருக்கிறதே" என்றுதான் தோன்றும். போதாக்குறைக்கு, நார்ச்சத்தும் பருப்பும் கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரைக்கும் உப்புக்கும் விழுந்த கெட்ட மதிப்பெண் குறைந்துவிடுமாம். சர்க்கரை என்னவோ அப்படியே உள்ளேதான் இருக்கும்!

2024இல், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு விவரங்களைத் தடித்த பெரிய எழுத்தில் போடலாம் என்று இன்னொரு யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தீர்கள். நல்லதுதான். ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளை கடை வாசலில் நின்று சதவீதக் கணக்கா போடும்?

சிலி நாட்டில் 2016இல் கறுப்பு எண்கோண முத்திரை வந்தது. 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்று நேரடியாகச் சொல்லும் முத்திரை. கூடவே பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் அங்கே சர்க்கரை பானங்கள் வாங்குவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? சைவத்துக்குப் போடும் பச்சைப் புள்ளியை எழுத்தறியாத பாட்டியும் பார்த்துத்தான் வாங்குகிறார்.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் சொன்னது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நிதியில் நடந்த ஆய்வு. ஆகவே நட்சத்திர யோசனையைக் கைவிடுங்கள். எச்சரிக்கை முத்திரையை முன்பக்கத்தில், அந்தந்த மாநில மொழியில், கட்டாயமாக்குங்கள். அப்புறம், அது எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்பதையும் அறிவிக்கையிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மளிகை வாங்கும் ஒரு குடும்பத் தலைவி