கப்பல் நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை

எக்கெரோ, ஓலந்துத் தீவுகள்
ஜூன் கடைசி வாரம்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் மகள் வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. வடக்கு வீதி வைத்தியர் எண்ணெயா, பேத்தி வாங்கித் தந்த முழங்கால் பட்டையா, எது குணப்படுத்தியது என்று மட்டும் எழுதவில்லை. எனக்கும் இடது முழங்கால் கூப்பிடத் தொடங்கியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஆகஸ்டில் நீயும் தங்கச்சியும் ஹெல்சின்கிக்கு வருவது உறுதி என்று அறிந்து துள்ளிக் குதித்தேன் (வலது காலில்). உன் மகன் உங்களை ஐஸ்லாந்துக்கு அழைத்துப்போக நினைக்கிறான், எரிமலையும் வெந்நீர் ஊற்றும் பார்க்கலாமாம், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். எரிமலை எங்கேயும் ஓடிப்போய்விடாது. நீ முதலில் இங்கே வா. இந்தத் தீவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். மூன்று வாரத்துக்கு முன்பு வரை நானும் அப்படித்தான்.

அது பொய். கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டாக்ஹோமுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் கை தவறிக் கொட்டிய கடலையைப் போலச் சிதறிக் கிடக்கின்றன இந்தத் தீவுகள். சின்னதும் பெரியதுமாக ஆறாயிரத்து எழுநூறுக்குக் குறையாது என்கிறார்கள். அறுபது சொச்சத்தில்தான் ஆள் நடமாட்டம். எல்லாரையும் சேர்த்தால் 30,000 பேர். அதாவது நம் ஊர் தேர்த் திருவிழாக் கூட்டம். பின்லாந்துக்குச் சொந்தம், ஆனால் பேசுவது ஸ்வீடிஷ். சொந்தக் கொடி, சொந்தச் சட்டமன்றம், உனக்கு மிகவும் பிடிக்கப்போகிற சொந்தத் தபால்தலை.

ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்தின் ஹெல்சின்கிக்கும் துர்க்குவுக்கும் இரவுக் கப்பல்கள் போகின்றன. பத்து மாடி உயரம், உள்ளே கடைத்தெருவே இருக்கும். நடுராத்திரியில் அவை ஓலந்தில் ஒரு துறையைத் தொட்டுவிட்டுப் போகும். எதற்கு என்று நினைக்கிறாய்? இந்தத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருக்கின்றன. இங்கே ஒரு தடவை கரை தொட்டுவிட்டால் கப்பலில் வரியில்லாமல் சரக்கு விற்கலாம். அதற்காக ஒரு தீவுத் துறைக்குள் நுழைந்து, சில நிமிடம் நின்று, கிளம்பிவிடுகிறார்கள். மேலே ஆயிரக்கணக்கில் படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தாங்கள் ஓர் ஊரில் நின்றோம் என்பதே தெரியாது.

இதைக் கேட்டதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பெட்டியில் விடிய விடிய நின்றுகொண்டே கடிதம் பிரித்தவன் நீ. விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் எல்லாமே உனக்குப் பை இறங்குகிற ஓசையாகவும் பிளாட்பாரத்து மஞ்சள் விளக்காகவும் மட்டுமே தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் விருத்தாசலத்தில் பகலில் இறங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கோயிலாடா இங்கே இருந்தது?" என்று எழுதினாயே. ஓலந்தும் விருத்தாசலம்தான்.

இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்கிறேன். தலைநகரம் மரியெஹாம்னிலிருந்து காலை பஸ்ஸில் மேற்குக் கோடியிலுள்ள இந்த எக்கெரோவுக்கு வந்தேன். திரும்பும் பஸ் போய்விட்டது. குற்றம் முழுக்க என்னுடையது. இங்கே பின்லாந்து நேரம். ஸ்வீடனைவிட ஒரு மணி முன்னால். கைப்பேசி தானாக மாறிக்கொண்டது. நான்தான் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை நம்பி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமான கடிதம் வாய்த்திருக்கிறது.

எதிரே ஒரு தபால் நிலையம். சாதாரணக் கட்டடம் இல்லை, ராமலிங்கம். நம் கலெக்டர் ஆபீசையே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். தூண்கள், நீண்டு போகும் பக்கச் சிறகுகள், நடுவில் பெரிய முற்றம். சுற்றிலும் பார்த்தால் வயல், நாலு சிவப்பு மரவீடு, அப்புறம் கடல். யாருக்காக இப்படி ஒரு மாளிகை? 1809-இல் ஸ்வீடன் போரில் தோற்றுப் பின்லாந்தையும் இந்தத் தீவுகளையும் ரஷ்யாவிடம் கொடுத்தது. ரஷ்யப் பேரரசின் மேற்கு வாசல் இந்த ஊராகிவிட்டது. கடலைத் தாண்டி வரும் ஸ்வீடன்காரன் முதல் பார்வையிலேயே வாயைப் பிளக்கவேண்டும் என்று, ஹெல்சின்கி நகர மையத்தின் பெரிய கட்டடங்களை வடிவமைத்த கார்ல் லுட்விக் எங்கெலை வைத்து 1828-இல் தபாலும் சுங்கமும் சேர்ந்த இந்தக் கட்டடத்தைக் கட்டி முடித்தார்கள். தபால் துறையை நம்பி ஒரு பேரரசு தன் மீசையை முறுக்கியது என்றால் உனக்குப் பெருமையாக இருக்காதா?

ஆனால் மாளிகை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு முன்னால் இருந்தவர்கள்தான் பெரியவர்கள். 1638-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து துர்க்குவுக்கு இந்தத் தீவுகள் வழியாகத் தபால் பாதை போட்டார்கள். கரையோர விவசாயிகளே தபால்காரர்கள். படைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாகப் பையைச் சுமக்கவேண்டும். ஸ்வீடன் கரையிலுள்ள கிரிஸ்லெஹாம்னிலிருந்து எக்கெரோவுக்குத் திறந்த படகில் வருவார்கள். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. குளிர்காலத்தில் கடல் பாதி உறைந்து பாதி உறையாமல் கிடக்கும்; அப்போது படகைப் பனிக்கட்டிமேல் இழுத்துக்கொண்டே நடப்பார்கள், பனி உடைந்தால் படகுக்குள் தாவுவார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1974-இலிருந்து அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் இந்தக் கடலில் பழைய மாதிரிப் படகுகளில், பழைய உடையிலேயே பந்தயம் விடுகிறார்கள்.

இங்குள்ள சின்ன அருங்காட்சியகத்தில் அந்த மாதிரிப் படகு ஒன்றைப் பார்த்தேன். நம் தோணி அளவுகூட இல்லை. பக்கப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். கட்டைவிரல் தடிமன். அதற்கு வெளியே உறைகடல், உள்ளே நாலைந்து ஆளும் ஒரு பையும். அந்தப் பைக்குள் யாரோ யாருக்கோ "இங்கே அனைவரும் நலம்" என்று எழுதியிருப்பார்கள். மழையில் தபால் பையோடு ஆற்றைக் கடந்துபோன உங்கள் ரன்னர் தாத்தாவைப் பற்றி நீ அடிக்கடி சொல்வாயே, அவரை நினைத்துக்கொண்டேன்.

நேற்று கிழக்குப் பக்கம் பொமார்சுண்டுக்குப் போனேன். ரஷ்யர்கள் 1832-இல் கட்டத் தொடங்கி, முடிக்காமலே இழந்த கோட்டை. கிரிமியப் போரைக் கருங்கடலோடு சேர்த்தே நாம் படித்தோம். அதே போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே வந்து 1854 ஆகஸ்டில் கோட்டையைப் பிடித்து, வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, இருபது வயது சார்லஸ் லூகாஸ் தன் கப்பல் தளத்தில் விழுந்த வெடிகுண்டை, திரி சீறிக்கொண்டிருக்கும்போதே தூக்கிக் கடலில் எறிந்தார். விக்டோரியா கிராஸ் பதக்கம் பெற்ற முதல் வீரச்செயல் அதுதான். கோட்டையின் செங்கற்களைப் பிறகு படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஹெல்சின்கியில் உஸ்பென்ஸ்கி தேவாலயம் கட்டினார்கள். உன் மகன் வீட்டிலிருந்து பார்த்தாலே அது தெரியலாம். ஐஸ்லாந்துக்குப் போகச் சொல்கிறவனிடம் அந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்.

இடிந்த சுவர்களைவிட, பாலம் தாண்டிப் பிரேஸ்தோ தீவிலிருக்கும் கல்லறைகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. கோட்டைக் காவலுக்குப் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், லூத்தரன், யூதர், முஸ்லிம் என ஒவ்வொரு மதத்துக்கும் தனித்தனி இடுகாடு, எல்லாம் ஒரே பைன் காட்டுக்குள். பாசி படிந்த கற்கள், இடையே புளுபெர்ரிச் செடி. ஒரு மணி நேரம் திரிந்தேன். எதிரே வந்த உயிர் ஒரு முயல்.

இப்போது முதலில் ஒப்புக்கொண்ட பொய்க்கு வருகிறேன். ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் தோற்றுப்போன கதையை முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியவன் நான். சங்கத்தின் சாதனைகள் என்ற தலைப்பில், "ஸ்வீடன், பின்லாந்து இடையே ஆலந்துத் தீவுப் பிரச்சினையைத் தீர்த்தது" என்று ஒரே வரி வரும். கேட்டால் ஒரு மதிப்பெண். நானும் இரவுக் கப்பல் மாதிரி அந்த வரியைத் தொட்டுவிட்டு முசோலினிக்குப் போய்விடுவேன். ஊரின் பெயரைக்கூட நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது ஓலந்து.

அந்த ஒரு வரிக்குள் இருந்தது இதுதான். 1917-இல் ரஷ்யா கலைந்தபோது இந்த மக்கள் ஸ்வீடனோடு சேரவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக் கேட்டார்கள். புதிதாகப் பிறந்த பின்லாந்து விடவில்லை. 1921-இல் சங்கம் தீர்ப்புச் சொன்னது: தீவுகள் பின்லாந்துக்கு, ஆனால் மொழியும் பள்ளியும் நிலமும் இவர்கள் கையில். மூன்று தரப்பில் ஒருவருக்கும் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. 1922 ஜூன் 9-இல் சட்டமன்றம் கூடியது. இன்றும் பின்லாந்துக் குடிமகனே ஆனாலும் நினைத்தவுடன் இங்கே வந்து நிலம் வாங்க முடியாது, ஊருரிமை வேண்டும். அது பெற்றோர் வழியே வரும், அல்லது ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்து ஸ்வீடிஷும் தெரிந்தால் கேட்டுப் பெறலாம். படை நிறுத்தக்கூடாது என்று 1856-இலேயே ஒப்பந்தம். இங்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவச் சேவையும் கிடையாது. மொழி ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம் என்ற சிக்கலில் நாமும் அண்டை நாடும் பட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டு மரியெஹாம்ன் சட்டமன்றத்துக்கு எதிரே நின்றேன். எந்தச் சிலையும் என்னை மிரட்டவில்லை. ஒரு பெண் வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். என் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.

சாப்பாட்டைப் பற்றித் தங்கச்சி கேட்பாள். சைவத்துக்குத் திண்டாட்டம்தான், ரொட்டியும் உருளைக்கிழங்கும் கைவிடாது. நாள்கணக்கில் பக்குவம் பார்த்துச் செய்யும் ஒரு கறுப்பு ரொட்டி இருக்கிறது, வெல்லப்பாகு வாசனையோடு. முட்டைக்கு விலக்கு இல்லையென்றால் ஓலந்து பான்கேக் சாப்பிடவேண்டும். பெயரைக் கேட்டுத் தோசை என்று நினைத்துவிடாதே. ரவையைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, முட்டையும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, தட்டில் ஊற்றி ஓவனில் சுடுகிறார்கள். சதுரமாக வெட்டி, உலர்ந்த பிளம் பழக்கூழும் அடித்த பாலாடையும் மேலே வைத்துத் தருவார்கள். முதல் வாயில் ஏலக்காய் ஏறியதும் அம்மா செய்த கேசரி ஞாபகம். மறு வாயில் இது கேசரி இல்லை என்று நாக்கு வாதாடத் தொடங்கிவிட்டது. இந்தக் குளிர்த்தீவுக்கு ஏலக்காய் வந்ததும் ஏதோ ஒரு கப்பல் இங்கே நின்றதால்தானே.

கப்பல் என்றால், மரியெஹாம்ன் மேற்குத் துறையில் 'பொம்மெர்ன்' என்ற, நான்கு பாய்மரம் கொண்ட கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1903-இல் கிளாஸ்கோவில் கட்டியது. நீராவியும் டீசலும் வந்த பிறகும் குஸ்தாவ் எரிக்சன் என்ற இவ்வூர்க்காரர், மற்றவர்கள் கழித்துப்போட்ட பாய்மரக் கப்பல்களை வாங்கி, ஆஸ்திரேலியக் கோதுமை ஏற்றி ஓட்டியிருக்கிறார். அதைச் சுற்றிப் பார்க்க நமக்குக் குறைந்தது அரைநாள் ஆகும். படிகள் செங்குத்து, முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஏறு.

குறையும் சொல்லவேண்டும். விலைவாசி எரிமலையைவிடச் சுடும். பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. நவம்பருக்கு மேல் வந்தால் இருட்டும் ஈரமும்தான். இப்போதோ இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம். எனக்குத் தூக்கம் போய் நாலு நாளாகிறது. நீ வரும் ஆகஸ்டில் இரவு வந்துவிடும், கவலைப்படாதே. கடலைப் பார்த்தால் நீ ஏமாந்துபோவாய்: அலை இல்லை, உப்பும் பெயருக்குத்தான். நான் கையில் அள்ளி நக்கிப் பார்த்தேன். நம் வீட்டு ரசத்தில் மனைவி மறந்துபோய்ப் பாதி உப்புப் போட்டது போல இருந்தது. ஆற்றுமீனும் கடல்மீனும் ஒரே வலையில் விழுகின்றனவாம்.

ஊருக்கு ஊர் ஒரு நெடுங்கம்பம் நிற்பதையும் பார்ப்பாய். போன வாரம் கோடைத் திருநாளுக்கு நட்டது. தழை, காகித மாலை, குட்டிப் படகுகள். உச்சியில் காற்றுக்குக் கையை வீசும் மரப்பொம்மை. அடுத்த ஆண்டு வரை இறக்கமாட்டார்கள். நீ வரும்போது தழையெல்லாம் பழுப்பாகியிருக்கும். பொம்மை மட்டும் கையை வீசிக்கொண்டிருக்கும்.

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம், இந்த முறை கைப்பேசியில் பார்த்தேன். ஓலந்து 1984-இலிருந்து தனியாகத் தபால்தலை வெளியிடுகிறது. உறைமேல் ஒட்டியிருப்பது உன் ஆல்பத்துக்கு. ஹெல்சின்கியில் உன் மகனுக்கு விசா, டிக்கெட் என்று ஒரு சிரமமும் இருக்காது, துர்க்குவரை ரயில், அங்கிருந்து பகல் கப்பல். இரவுக் கப்பல் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இந்தக் கடிதத்தை மரியெஹாம்னில் கையில் கொடுத்து, என் கண்ணெதிரே முத்திரை குத்தச் சொல்லப் போகிறேன். தேதி படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறதா, உன் கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று எழுது. உறையைக் கிழிக்காமல் கத்தரி வைத்துத் திற.

அன்புடன்,
சண்முகம்