காலிப் பெட்டியையும் எட்டிப் பார்த்தவர்களுக்கு

வட கரோலினா, கேரி நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

ப்ளூபேர்ட் பறவை கூடு கட்ட நாம் மாட்டிய பெட்டிகளில், கடைசிப் பெட்டியிலிருந்த குஞ்சுகளும் போன வாரம் பறந்துவிட்டன. எட்டுப் பெட்டிகளையும் சுத்தம் செய்து காயவைத்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதுகு நீலம், மார்பு செங்கல் நிறம், மைனாவைவிடச் சற்றுச் சின்னது: இதுதான் நம் ப்ளூபேர்ட். மரப்பொந்தில் கூடு கட்டும், ஆனால் தானாகப் பொந்து குடையத் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸ்டார்லிங் பறவையும் சிட்டுக்குருவியும் இருந்த பொந்துகளையும் பிடித்துக்கொள்ள, இந்தப் பறவை வெகுவாகக் குறைந்துபோனது. லாரன்ஸ் ஸெலனி போன்றவர்கள் முன்னின்று 1978இல் ப்ளூபேர்டுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஊர் ஊராகச் சாதாரண மக்கள் பெட்டி மாட்டியதில்தான் அது மீண்டு வந்தது.

பெட்டியின் ஒன்றரை அங்குலத் துளையில் ஸ்டார்லிங் நுழையாது. சிட்டுக்குருவி நுழைந்துவிடும், குஞ்சுகளையும், சில சமயம் அடைகாக்கும் தாயையுமே கொத்திக் கொன்றுவிடும். அதன் கூட்டைக் கலைக்க வேண்டும் என்றதும், காரைக்குடியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த தாத்தா முகம் சுண்டிவிட்டது. “ஊர்ல இதைத்தானே காணோம்னு தேடறோம்?” கேள்வி நியாயம்தான். அந்த வேலையை வேறு ஒருவர் செய்தார். ஆனால் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நாட்களில் வெயிலில் நடந்துபோய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக் குறித்து வைத்தவர் அந்தத் தாத்தாதான். மிக்க நன்றி, ஐயா.

ஏப்ரலில் மூன்றாம் பெட்டியின் ஐந்து முட்டைகளையும் பாம்பு விழுங்கியது என் தப்பு. கம்பத்தில் தடுப்பு மாட்டுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளே அடுப்புப் புகைக்குழாய்த் தகரத்தை வாங்கிவந்து எட்டுக் கம்பத்துக்கும் தடுப்பு செய்து கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? சரி, சாம்பார் பாக்கி இருக்கிறது.

அப்புறம், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள். பதின்மூன்று நாள் தாண்டிய குஞ்சுகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் அவை மிரண்டு, பறக்க வருமுன்னே வெளியே குதித்துவிடும். அந்த நாட்களில் எட்ட நின்றே பார்த்தீர்கள். அந்தப் பொறுமை எனக்கே கிடையாது. “மறுபடியும் காலின்னுதான் எழுதணுமா?” என்று ஒரு குட்டி அலுத்துக்கொண்டாள். ஆமாம் கண்ணு, அதையும்தான். பறவைக் கூடுகளைப் பற்றி மக்கள் எழுதி அனுப்புவதைச் சேர்த்துவைக்கும் கார்னெல் பறவை ஆய்வகத்தின் நெஸ்ட்வாட்ச் கணக்கில் குஞ்சு பொரித்த கூடுகள் மட்டுமே ஏறினால், எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். கெட்டுப்போன கூட்டையும் விடாமல் எழுதினீர்கள், மூன்றாம் பெட்டி உட்பட.

தாத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாசலில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். துளை ஒன்றரை அங்குலம்தானாம்.