பதிவேடு துறைமுகத்திடம் இருக்கட்டும்: துறைமுக ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் துறைமுக ஆணையம், வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கப்பல்கள் வந்து நிற்கும் பெர்த்துகள் ஒவ்வொன்றாகத் தனியார் முனையங்களின் பொறுப்புக்குப் போன வரலாற்றையும், ஆணையம் நிலத்துக்குச் சொந்தக்காரராக மட்டும் நின்றுகொண்ட கதையையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு சரியா தவறா என்ற வாதத்துக்குள்ளும் நான் போகவில்லை. அந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு தொழிலாளியின் உழைப்பு எப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவதும், அதற்கு ஒரு கோரிக்கை வைப்பதுமே என் நோக்கம்.

அண்மையில் தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றிலுள்ள சரக்குப் பெட்டக முனையத்தில் பெட்டகங்களைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டியை இயக்கும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே லாஷிங் வேலை செய்யும் ஒருவர், எனக்கு நன்கு தெரிந்தவர், விண்ணப்பித்தார். ஐ.டி.ஐ. படித்தவர், கனரக வாகன உரிமம் வைத்திருப்பவர், பன்னிரண்டு ஆண்டுகளாக, வெயிலில் கொதிக்கும் கப்பல் மேல்தளத்தில், அடுக்கிய பெட்டகங்களைக் கம்பிகளாலும் டர்ன்பக்கிள்களாலும் இறுக்கிக் கட்டியும் அவிழ்த்தும் பிழைப்பவர். ஐந்தாண்டுத் தொடர் அனுபவம் வேண்டும் என்பது விதி. அவருடைய அனுபவம் ஓராண்டு இரண்டு மாதம் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். காரணம் எளிது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒப்பந்ததாரர் நான்கு முறை மாறிவிட்டார். பெர்த் மாறவில்லை, வேலை மாறவில்லை, மேற்பார்வையாளர்கூட மாறவில்லை. சட்டையின் நிறமும் கேட் பாஸில் அச்சாகும் நிறுவனத்தின் பெயரும்தான் மாறின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகவே எழுதப்பட்டார்.

முந்தைய ஒப்பந்ததாரர்களிடம் சான்று கேட்டுப் போனபோது, ஒருவர் அலுவலகத்தையே காலி செய்திருந்தார். இன்னொருவர் பழைய மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, தம்மிடம் இல்லை என்றார். வருங்கால வைப்புநிதிக் கணக்கை எடுத்துக் காட்டினார். அதில் நிறுவனங்களின் பெயர்கள் இருந்தனவே தவிர அவர் செய்த வேலை என்ன என்பது இல்லை. நடுவே பல மாதங்களுக்குப் பணமே கட்டப்படவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. முனையத்தின் பெயரையும் ஒப்பந்ததாரர்களின் பெயர்களையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கேட் பாஸை இழக்கப்போவது அவர்கள் அல்லர்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அவருடைய கையிலிருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. நுழைவு அட்டையைக் கொடுத்தது துறைமுகம். எந்த நாளில், எந்த வாயில் வழியாக, எத்தனை மணிக்கு அவர் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பதையெல்லாம் பதிவு செய்யத்தான் அந்த அட்டை. பாதுகாப்பு என்று வரும்போது அவர் துறைமுகத்தின் பார்வையிலிருந்து ஒரு நிமிடமும் தப்ப முடியாது. பதவி உயர்வு என்று வரும்போது மட்டும் அவரை யாருக்கும் தெரியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: துறைமுக எல்லைக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் பணிக்காலமும், செய்த வேலையும், பெற்ற பயிற்சியும் அடங்கிய பதிவேட்டைத் துறைமுக ஆணையமே வைத்துக்கொள்ள வேண்டும், முனையங்களில் பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பதிவேடே செல்லும் என்று ஒப்பந்தங்களில் எழுத வேண்டும்.

இது புதுமையான யோசனை அன்று. 1948 ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் செய்தது ஏறக்குறைய இதைத்தான். அதுவரை கப்பலில் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரரான ஸ்டீவ்டோரின் ஆட்கள் விடியற்காலையில் வாயிலில் நின்று கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் பட்டினி என்றிருந்த நிலையை மாற்றி, தொழிலாளியின் பெயரை ஸ்டீவ்டோரின் நோட்டிலிருந்து எடுத்துப் பொதுவான ஒரு வாரியத்தின் பதிவேட்டில் ஏற்றியது அந்தச் சட்டம். சுழற்சி முறையில் வேலை கிடைத்தது. வேலை இல்லாத நாளுக்கும் வருகைப்படி உண்டு. குறைகள் இருந்தன, மறுக்கவில்லை, கையூட்டும் இருந்தது. ஆனாலும் குப்பத்திலிருந்தும் சேரியிலிருந்தும் வந்த ஒருவர் தம் பணிமூப்பை யாரிடமும் கெஞ்சாமல் நிரூபிக்க முடிந்தது. 1997 இல் கொண்டுவரப்பட்ட சட்டம் பெருந்துறைமுகங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ள வழிசெய்தது. வாரியங்கள் போயின. அவற்றோடு பதிவேடும் போனது.

சட்டம் கைகட்டிப் போட்டிருக்கிறது என்று தாங்கள் சொல்ல முடியாது. 2021 ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம், ஊழியர்களுக்கு மட்டுமன்றி உள்ளூர் மக்களுக்கும் திறன் மேம்பாடு, பயிற்சி ஆகியவற்றுக்காக வாரியம் தன் நிதியைச் செலவிட இடமளிக்கிறது. தொழில் பழகுநர் சட்டத்தின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்கக் கடமைப்பட்டது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பணிச் சான்று தரவேண்டும் என்பதை 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளும் சொல்லின. 2020 ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பும், கேட்டால் அனுபவச் சான்று தரவேண்டும் என்கிறது. ஒப்பந்ததாரரே காணாமல் போன பிறகு யாரிடம் கேட்பது என்பதைத்தான் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியது துறைமுகம் ஒன்றுதான்.

நேரடிப் பணியிடங்கள் சுருங்கச் சுருங்க, இடஒதுக்கீடும் அவற்றோடு சேர்ந்து சுருங்குகிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். தனியார் முனையத்திலும் ஒப்பந்ததாரரிடமும் அந்த விதி செல்லாது. வாரியத்தில் ஊழியர் நலனுக்கென இரண்டு இருக்கைகளைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அவையும் ஆணையத்தின் ஊழியர்களுக்காகவே. உள்ளே வேலை செய்வோரில் மிகப் பலருக்கு அந்த மேசையில் பேச ஆள் இல்லை.

2011 இல் உயர் நீதிமன்ற ஆணையின்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது நின்று, நிலக்கரி எண்ணூர் போன்ற வேறு துறைமுகங்களுக்குப் போனது. வடசென்னை மக்களின் நுரையீரலுக்கு அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்தச் சரக்கை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் யார் யார் எங்கே போனார்கள் என்று பெயர் வாரியாகச் சொல்லும் பதிவேடு எதையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை. நிலக்கரி எத்தனை டன் போனது என்ற கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

செய்ய முடியாத காரியம் என்றும் இதைச் சொல்ல வேண்டாம். 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட தூத்துக்குடி பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்தின் பணியாளர்களில் 40 விழுக்காட்டினர் பெண்கள் என்று பிரதமரே தம் செய்தியில் பெருமையுடன் குறிப்பிட்டார். மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சான்று. அத்தகைய எண்ணிக்கை திறப்பு விழாவோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு முனையத்துக்கும் ஆண்டுதோறும், நிரந்தரம் எவ்வளவு, ஒப்பந்தம் எவ்வளவு, பயிற்சி பெற்றோர் எந்த ஊர், எந்தச் சமூகம் என்ற விவரத்தோடு வெளிவர வேண்டும். இல்லையென்றால், 'திறன் மேம்பாடு' என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டி, மூன்று நாள் வகுப்பு நடத்தி, சான்றிதழோடு வரிசையாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, மறுநாள் அதே ஆட்களை லாஷிங் கம்பி தூக்க அனுப்பும் வழக்கம் இனிதே தொடரும். புகைப்படங்கள் நன்றாகவே வருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுதேசிக் கப்பல் விட்டதோடு, 1908 இல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் முன்நின்றவரின் பெயரைத் தாங்கிய துறைமுகம் இந்தப் பதிவேட்டைத் தொடங்கி வைத்தால், அந்தப் பெயருக்கும் ஒரு பொருள் இருக்கும்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மீண்டும் பணிவுடன் கேட்பது ஒன்றே: தொழிலாளியின் பணிப் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இருக்க வேண்டாம், துறைமுகத்திடம் இருக்கட்டும். அடுத்த வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, ஏற்பதானால் தொடங்கும் நாளையும், மறுப்பதானால் அதற்கான காரணத்தையும் பொதுவில் எழுத்தாக அறிவிக்க வேண்டுகிறேன். நுழைவு அட்டைத் தரவு ஏற்கெனவே தங்களிடம் இருப்பதால், கடந்த சில ஆண்டுகளின் பணிக்காலத்தையாவது உடனே எடுத்துச் சான்றாகத் தர முடியும். அடுத்த பயிற்சி அறிவிப்புக்கு முன் அது கிடைத்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற டாலி எழுத்தர் ஒருவர்