பிரெட்ரிக் கோட்டைக்குப் பொறுப்பான ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். திருகோணமலைக் கோட்டையைப் பராமரிக்கிற, அதைப்பற்றி போர்டு எழுதுற, டூரிஸ்ட் கைநூல் அடிக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது.

போன கிழமை மருமகனையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள்ள இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனனான். கோட்டை வாசல்ல நுழையேக்கயே "மாமா, ஆர் இந்த பிரெட்ரிக், இங்க சண்டை பிடிச்சவரோ" எண்டு கேட்டான். இல்லையடா, அவர் இங்கிலாந்து ராசா மூன்றாம் ஜோர்ஜின்ர ரெண்டாவது மகன், யோர்க் கோமகன், இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காத ஆள், 1803ல வெள்ளைக்காரன் வைச்ச பேர் எண்டன். அப்ப அதுக்கு முதல் என்ன பேர் எண்டான். சொல்லத் தொடங்கினன், கோயில் படி வந்தும் முடியேல்ல.

ஏனெண்டா முதல்ல அது கோட்டையே இல்லை, கோயில். 1620கள்ல போர்த்துக்கீசர் கோணேஸ்வரத்தை இடிச்சு அந்தக் கல்லுகளாலயே கோட்டை கட்டினவங்கள். 1639ல டச்சுக்காரன் பிடிச்சான். அவன்ர காகிதங்கள்ல இந்த இடம் பகோடா மலை, அதாவது கோயில் மலை. கோயில் இடிஞ்சு போன பிறகும் பேரில மட்டும் கோயில் நிண்டிருக்கு பாருங்கோ! 1782ல நடந்தது அதைவிடக் கூத்து, ஜனவரியில இங்கிலீசுக்காரன் பிடிக்க ஆகஸ்ட்ல பிரெஞ்சுக்காரன் வந்து பறிச்சான், பிறகு திரும்ப டச்சுக்காரன்ர கைக்குப் போய், 1795ல மறுபடி இங்கிலீசுக்காரன்.

வந்தவன் எல்லாம் கோட்டைக்குப் பேர் வைச்சான், எங்கட சனம் வந்தவனுக்கே பேர் வைச்சுது. பழைய ராசா குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த திருப்பணியை பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான், அதுக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆளுவாங்கள் எண்டு ஒரு பழம்பாட்டு இருக்கு. எந்தக் கண் எந்த நாட்டுக்காரன் எண்டதில ஆளுக்கொரு விளக்கம், அதை விடுவம். அந்தப் பாட்டோட சேர்த்துச் சொல்லுற கல்வெட்டுத் துண்டும் பாண்டியன்ர இரட்டை மீனும் கோட்டை வாசல் கல்லிலதான் இருக்கு. எத்தினை பேர் நிமிர்ந்து பாக்கினம்? கோட்டைக்குள்ள மேயிற மானைப் படமெடுக்கிற அவசரம் எல்லாருக்கும்.

பிரிட்டிஷ்காரன் 1957ல திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் குடுத்திட்டுப் போனான், 1972ல சிலோன் எண்ட பேரே போய் ஸ்ரீலங்கா ஆச்சு, கடற்படையின்ர பேருக்கு முன்னால இருந்த 'ரோயல்' எண்ட சொல்லும் கழண்டுது. பிரெட்ரிக் மட்டும் அசையேல்ல, இராணுவம் இப்பவும் அவர்ர பேருக்குள்ளதான் இருக்கு.

நான் அவரைக் கழட்டச் சொல்லேல்ல. இன்னொரு பேரை வைச்சால் அதுவும் இன்னொருத்தன் வைச்ச பேர்தான், பத்து வருசத்தில அதுக்கும் ஒரு சண்டை வரும். நான் கேக்கிறது, கதையை போர்த்துக்கீசரில இருந்து தொடங்காதேங்கோ. இனி ஒரு போர்டு எழுதுறதெண்டா கோயில், பகோடா மலை, பிரெட்ரிக் எண்டு வரிசையா எழுதி, 1950ல கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து பழைய கோயில் விக்கிரகங்கள் வந்ததையும் 1963ல திரும்பக் கட்டின கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததையும் சேருங்கோ. வாசல் கல்லுக்குப் பக்கத்தில ஒரு சின்ன அம்புக்குறியும் போட்டால் பெரிய உபகாரம்.

மூண்டு மொழியிலயும் எழுதுவீங்கள்தானே, தமிழை அச்சுக்குக் குடுக்க முதல் தமிழ் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டுங்கோ. ஆளில்லாட்டி எனக்குச் சொல்லுங்கோ, சும்மாவே வந்து பாத்துத் தாறன்.