புகார் பதிவாகாத ஊரில் குற்றம் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் சென்னைப் பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். வழிப்பறி குறைந்திருக்கிறது, வீடு புகுந்து திருடுவது குறைந்திருக்கிறது என்று போன வருஷக் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு செய்தி அவ்வப்போது வருகிறது. காவல்துறை கொடுத்த குறிப்பை அப்படியே வாங்கிப் போட்டிருப்பது படித்தாலே தெரிகிறது. இன்னொரு நாள் எதிர்க்கட்சி அறிக்கை வரும், வழக்குகள் கூடிவிட்டன, சட்டம் ஒழுங்கு சீர்கெட்டுவிட்டது என்று. இரண்டிலும் ஒரே குறைதான். பதிவான வழக்கின் எண்ணிக்கையையே நடந்த குற்றத்தின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். புகாரோடு ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய் வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், இரண்டும் ஒன்றா என்று.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவோடு சமீபத்தில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுத விருப்பமில்லை. அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், வேறு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்று மகளோடு பேசிக்கொண்டிருந்தவரிடமிருந்து, பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிடுங்கிய வேகத்தில் காதுக்குக் கீழே நகம் கீறி ரத்தம் வந்திருக்கிறது. தவணையில் வாங்கிய போன், இன்னும் கட்டி முடிக்கவில்லை. கடையில் ஒட்டியிருக்கும் ஜிபே அட்டையும் அந்த நம்பரில்தான், அதனால் அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் உட்காரச் சொன்னார். பில் இருக்கா, பாக்ஸ் இருக்கா, ஐ.எம்.இ.ஐ. நம்பர் இருக்கா என்று வரிசையாகக் கேட்டார். அக்கா நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு வந்திருந்த தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "பறிச்சுட்டுப் போனாங்கன்னு எழுதாதீங்கம்மா, பஸ் ஏறும்போது தவறிப்போச்சுன்னு எழுதிக் கொடுங்க. போனை பிளாக் பண்ண அது போதும். எஃப்.ஐ.ஆர். போட்டா அப்புறம் நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்றார். இல்லை சார், கழுத்தில் காயம் இருக்கிறது பாருங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அக்காவே என் கையைப் பிடித்து, விடும்மா என்றுவிட்டார். கடையை ஒரு நாள் மூடினால் அன்றைய வருமானம் போச்சு, அவர் கவலை அவருக்கு. வேறு தாள் வாங்கி, தவறிவிட்டது என்று எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இதில் யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில் அந்த பஸ் ஸ்டாப்பில் அன்று எதுவுமே நடக்கவில்லை. எதிரே ஒரு மருந்துக்கடை இருக்கிறது, அதன் கேமரா நேராக பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி இருக்கிறது. யாராவது வந்து பதிவைக் கேட்பார்கள் என்று கடைக்காரர் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வழக்கே இல்லாதபோது எதற்கு வருவார்கள்? சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்று அவர் சொன்னார், அழிந்தும்விட்டது. 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து 2017-க்குப் பிறகு மக்களிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தானே நகரம் முழுக்க கேமரா வைத்தார்கள். வழக்குப் போட்டால்தான் அந்தக் கண்ணால் பிரயோசனம்.

சி.எஸ்.ஆர். பற்றித் தெரியாத வாசகர்களுக்காக எழுதுகிறேன். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான், வழக்கு இல்லை. விசாரித்தோம், முடித்துவிட்டோம் என்று ஸ்டேஷனுக்குள்ளேயே மூடிவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுகிற அறிக்கை எண்ணுவது எஃப்.ஐ.ஆர்.களை. ரசீதோடு நின்ற புகார் அதில் வராது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை. சட்டத்தில் குறை இல்லை. அந்தத் தாளில் எந்த வார்த்தையை எழுதச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் 25-ஐ நினைத்துப் பாருங்கள். காலை நேரத்தில் சைதாப்பேட்டை, கிண்டி, திருவான்மியூர், வேளச்சேரி பக்கமெல்லாம் வாக்கிங் போன பெண்கள், தனியாக நடந்துபோன பெண்கள் என்று சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாகச் சங்கிலி பறிப்பு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் தகவல் வந்தது, அதை உடனே எடுத்துக்கொண்டார்கள், கேமராப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தார்கள், ஒரே கும்பல் என்று தெரிந்தது, அன்றைக்கே விமான நிலையத்தில் வைத்து இரண்டு பேரைப் பிடித்தார்கள், ரயிலில் தப்பிய இன்னொருவன் ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் மாட்டினான். நம் சென்னை போலீஸ் எவ்வளவு திறமையானது என்பதற்கு அன்றைய வேலை ஒன்றே போதும். (அதில் ஒருவனை மறுநாள் விடிவதற்குள் தரமணியில் சுட்டுக் கொன்றதை நான் திறமையில் சேர்க்க மாட்டேன். கையில் சிக்கியவன் நீதிமன்றத்தில் நின்றிருக்க வேண்டும்.) அன்று அந்தப் பெண்களில் பாதிப் பேரிடம், சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், இது ஒரே கும்பலின் வேலை என்று எப்படித் தெரிந்திருக்கும்? தங்கமாக இருந்தால் ஓடுகிறார்கள், தையல்காரம்மாவின் போனாக இருந்தால் தவறிப்போனதாகிறது. என் கோபமெல்லாம் அதுதான்.

போலீஸ்காரர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம், எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு இன்ஸ்பெக்டரின் இடத்திலிருந்து யோசித்தால் அவர் ஏன் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குகிறார் என்று புரிகிறது. போட்டால் அது கண்டுபிடிக்கப்படாத வழக்காக அவர் தலையில் உட்கார்ந்திருக்கும், கிரைம் மீட்டிங்கில் உயரதிகாரி கேட்பார், உங்கள் லிமிட்டில் மட்டும் ஏன் இத்தனை என்று. போடாதவருக்கு அந்தத் தலைவலி கிடையாது. பத்திரிகையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது, சட்டமன்றத்திலும் அதே கேள்வி. நேர்மையாக எல்லாப் புகாரையும் பதிவு செய்கிற அதிகாரிக்கு நாம் எல்லோரும் சேர்ந்து தண்டனை கொடுக்கிறோம்.

1992-ல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அதற்கு முன்னால் அடி வாங்கிய பெண்கள் இல்லையா, வரதட்சணைக் கொடுமை இல்லையா? போய்ச் சொல்ல ஓர் இடம் வந்ததும் வீட்டுக்குள் இருந்த புகார் வெளியே வரும், எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அப்படிக் கூடுவதைப் பார்த்து, ஸ்டேஷன் வந்ததால் குற்றம் பெருகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வழிப்பறிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது. குற்றப்பிரிவு ஆட்களையும் ரோந்து ஆட்களையும் இழுத்துக்கொண்டு போய் பந்தோபஸ்துக்கு நிறுத்துவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? சேப்பாக்கத்தில் மேட்ச், மெரினா பக்கம் ஒரு ஊர்வலம், முதல்வர் வருகை என்று வெயிலில் நிற்பது அதே காவலர்கள்தான். அவர்களுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு என்று 2021-ல் அரசாணை வந்தது. அதிகாரிகள் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தாயிற்று, ஆனாலும் 2022-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் வேலை செய்யும் ஒவ்வொரு காவலரும் ஏதோ ஒரு தெருவின் ராத்திரி ரோந்திலிருந்து குறைந்தவர். எங்கள் தெருமுனையில் பட்டா புத்தகம் தொங்கும், ரோந்து வரும் காவலர் டார்ச் அடித்து நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், பைக் சத்தம் கேட்டாலே ஒரு தைரியம். எந்தத் தெருவுக்கு ரோந்து அதிகம் வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பதிவான குற்றத்தை வைத்துத்தான். அந்த பஸ் ஸ்டாப் பக்கம் இனி வண்டி வராது, ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்றல்லவா கணக்கு சொல்கிறது.

லிமிட் பிரச்சினை தனி. 2022 ஜனவரியிலிருந்து ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் தனியாக இயங்குகின்றன, நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேளச்சேரி சென்னை, கொஞ்சம் தள்ளிப் போனால் பள்ளிக்கரணை தாம்பரம். ரோட்டில் போகிற மனுஷனுக்கு எந்த இடத்தில் எல்லை மாறுகிறது என்று எப்படித் தெரியும்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எந்த இடத்தில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், மறுத்தால் எழுத்து மூலமாக உயரதிகாரிக்கு அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதை ஒரு போர்டில் தமிழில் எழுதி ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் வைத்தால் என்ன?

சைபர் மோசடியிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் மிரட்டி வயதானவர்களின் ஓய்வூதியப் பணத்தை உருவுகிறார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு, தாமதமானால் கஷ்டம். அங்கே பதிவாகிற புகார் எல்லாமும் எஃப்.ஐ.ஆர். ஆவதில்லை என்பது மக்களுக்குத் தெரியாது. ஒரு நம்பர் கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருக்கிறார்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை குற்றம் குறைந்தது, கூடியது என்று குறிப்பு வந்தால் மூன்று எண்களைக் கேளுங்கள்: எத்தனை புகார் வந்தது, எத்தனை சி.எஸ்.ஆரோடு நின்றது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது. ஸ்டேஷன் வாரியாக, மாதாமாதம். காணாமல் போன போன் என்று எத்தனை புகார் வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஒரே பஸ் ஸ்டாப்பில் இத்தனை போன் எப்படித் தவறுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். இங்கிலாந்தில் தெரு வாரியான குற்றக் கணக்கை 2011-லிருந்து பொதுமக்களே இணையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள், இங்கேயும் எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, விதிவிலக்கு சில வழக்குகளுக்குத்தான். ஆகவே முடியாத காரியம் இல்லை. ஒரு ஸ்டேஷனில் வழக்கு எண்ணிக்கை திடீரென்று கூடினால் உங்கள் நிருபர் அங்கே போய்ப் பார்க்கட்டும், உண்மையிலேயே குற்றம் கூடியிருக்கிறதா, புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் எல்லாப் புகாரையும் ஒழுங்காகப் பதிவு செய்கிறாரா என்று. இரண்டாவதாக இருந்தால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள், கிரைம் மீட்டிங்கில் அவருக்கு அது உதவும்.

தையல்கார அக்காவின் போன் இன்னும் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, இந்தத் தடவை உதவி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சம்மதித்திருக்கிறார். பதில் வந்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
சென்னை