பீரங்கியை விடுங்கள், வராத கப்பல்களைச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

1942-ல் பிரிட்டிஷார் ஏன் சிங்கப்பூரை ஜப்பானிடம் இழந்தார்கள் என்று உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து வச்சிட்டாங்கப்பா. ஜப்பான்காரங்க பின்பக்கமா வந்துட்டாங்க. அதான் தோத்துட்டாங்க." நானும் அந்த வயதில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் பீரங்கிகளில் பல நிலத்தின் பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளுக்கு வைத்திருந்த குண்டுகளில் பெரும்பகுதி, கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை, தரைப்படையைத் தாக்குவதற்கானவை அல்ல. சரி, ஏன் அப்படி? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1919-க்குப் போய்விடலாம். பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் உலகப்போரில் எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல், 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போனது. (அதற்கு முந்தைய மாதம் சென்னையில் குண்டு போட்டதும் அதுதான். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே!) போர் முடிந்ததும், 1919-ல், பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் ஜெல்லிக்கோ பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை தந்தார். அன்று பிரிட்டனின் நட்பு நாடாக இருந்த ஜப்பானோடுதான் நாளை மோத வேண்டிவரும் என்று அவர் கணித்தார். 8 போர்க்கப்பல்கள், 8 போர்க் குரூசர்கள் (வேகம் கூடிய பெரிய போர்க்கப்பல்கள்), 4 விமானந்தாங்கிகள் கொண்ட ஒரு படை கிழக்கிலேயே நிரந்தரமாக நிற்க வேண்டும், செலவில் பிரிட்டன் 75, ஆஸ்திரேலியா 20, நியூசிலாந்து 5 சதவீதம் ஏற்க வேண்டும் என்றார்.

லண்டன் அதை ஏற்கவில்லை. போர்க்கடன் கழுத்தை நெரித்த காலம். 1921-ல் அமைச்சரவை எடுத்த முடிவு வேறு: சிங்கப்பூரில் கடற்படைத் தளம் மட்டும் கட்டுவோம், கப்பல்கள் ஐரோப்பாவில் இருக்கட்டும், ஆபத்து வந்தால் அனுப்பிக்கொள்ளலாம். தளத்துக்கு நிலம் தந்தது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு. மலாய்க் கூட்டு மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு கொடுத்தன. உள்ளூர்ப் பணமும் நிலமும் வந்தன. கப்பல்தான் வாக்குறுதியாகவே நின்றது.

மாணவர்கள் முன்னால் கரும்பலகையில் நான்கு எண்களை எழுதிப்போடுங்கள்: 42, 70, 90, 180. உதவிக்கு வரும் கப்பற்படைக்காகச் சிங்கப்பூர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற கணக்கு அது. ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் வலுக்க வலுக்க, நாள் கூடிக்கொண்டே போனது. கட்டிய திட்டம் கண்ணெதிரே கரைவதை அந்த நான்கு எண்களிலேயே பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள்.

தளம் அமைந்த செம்பவாங்கில் 1938 பிப்ரவரி 14 அன்று உலர்துறையை (கப்பல்களைப் பழுதுபார்க்கும் இடம்) திறந்தார்கள். கடைசியில் 1941 டிசம்பர் 2-ல் வந்து சேர்ந்த பெரிய கப்பல்கள் இரண்டே: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ். விமானந்தாங்கி கூட இல்லை. எட்டே நாளில் மலாயாவின் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். தளம் திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆனபோது சிங்கப்பூர் சரணடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளைச் செம்பவாங்குக்குக் கூட்டிப்போனேன். கான்பரா, வெல்லிங்டன், ஆக்லாந்து, டர்பன், மாண்ட்ரியல் என்று சாலைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் பிரிட்டிஷ் பேரரசின் ஊர்கள்; எந்தப் பேரரசுக்காகக் கட்டிய தளம் என்று அந்தப் பெயர்களே சொல்கின்றன. இந்த 'நேவல் பேஸில்' வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் எத்தனையோ பேர் என்றும் சொன்னேன்.

உங்கள் வகுப்பையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள். திரும்பும் வழியில் என் மகள், "கப்பல் வரலேன்னா என்ன செய்யறதா இருந்தாங்கப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி பாடம் நடத்துங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தகப்பன்